அடிமட்டம் ஏன் கொப்பியின் மேல்?

கேள்வி: நான் உயர்தர உயிரியல் மாணவி. கடற்கரையில் நிற்கும் பூவரசின் இலை எங்கள் வளவுப் பூவரசின் இலையை விடச் சிறியதா என்று பார்க்க விரும்பினேன். அளவு காட்ட அடிமட்டமும் வைத்து, 30 சென்ரிமீற்றர் உயரத்தில் போனைப் பிடித்துப் படமெடுத்து, படத்திலிருந்து அளக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் அளந்தேன். ஒரே இலை முதல் படத்தில் 62 சதுர சென்ரிமீற்றர், இரண்டாவதில் 71. எது சரி, சேர்? இரண்டு படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: 71தான் மகள். முதல் படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். இலை மேசையில் கிடக்கிறது. அடிமட்டமோ சிஆர் கொப்பியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கொப்பியின் தடிப்பு 2 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அடிமட்டம் கமராவுக்கு 28இல், இலை 30இல். கிட்ட இருப்பது பெருத்துத் தெரியும், மென்பொருள் அதை நம்பி இலையைச் சுருக்கிவிட்டது. நீளத்தில் 7 வீதப் பிழைதான், ஆனால் பரப்பில் அது இரண்டு தடவை பெருகும். 62ஐ 30/28ஆல் இருமுறை பெருக்குங்கள், 71 வந்து நிற்கும்.

இனி ஒவ்வொரு படத்திலும் இலைக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில், 5க்கு 5 சென்ரிமீற்றர் கறுப்புக் கடதாசித் துண்டொன்றை வையுங்கள். அதன் பரப்பு 25 என்று வராவிட்டால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

நாங்கள் படித்த காலத்தில் இலையை வரைபுத்தாளில் வைத்து விளிம்பைக் கீறிப் பெட்டி எண்ணினோம். பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடு. எழுபது பெட்டி எண்ணுவதற்குள் கண் பூத்துவிடும். இமேஜ்ஜே 1997 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேன் ராஸ்பாண்ட் எழுதியது.

ஆனால் அதற்கு இலை எது, நிழல் எது என்று தெரியாது. த்ரெஷோல்ட், அதாவது இருண்டதையும் வெளிறியதையும் பிரிக்கும் எல்லை, போடும்போது இருண்டதெல்லாம் அதற்கு இலைதான். நடு வெயிலில் எடுத்தால் நிழலும் சேர்ந்து பெருக்கும். பூவரசிலையின் மினுக்கம் வெளுத்து நடுவில் ஓட்டை விழும். விறாந்தை வெளிச்சம் போதும். காம்பை வெட்டிவிடுங்கள்.

வடிவத்துக்கு வட்டத்தன்மை என்றொரு எண் தரும்: பரப்பை 4π ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பது. முழு வட்டம் 1. அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒடுங்கி நீண்ட இலைக்கும் குறையும், விளிம்பில் பல் உள்ள வட்ட இலைக்கும் குறையும். நீள அகல விகிதத்தையும் எழுதி வையுங்கள்.

அப்புறம், எந்த மரத்திலும் நுனியிலிருந்து ஐந்தாவது இலையையே பறியுங்கள், குருத்தையும் முற்றலையும் ஒப்பிடக் கூடாது. பறித்ததை ஈரத்துணியோடு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் கச்சான் காற்றில் உவர்மலை ஏறுமுன் இலை வாடிச் சுருங்கிவிடும். நீங்களும் கடற்கரை இலைதான் சிறியது என்று எழுதிவிடுவீர்கள்.