பாட்டி வீட்டை நினைத்தால் எனக்கு அழுகை, அம்மாவுக்குக் கோபம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 45 வயது. மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். சின்ன வயதில் பள்ளி விடுமுறை விட்டால் போதும், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். பாட்டி பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். நாங்கள் கண் விழிக்கும்போது வெட்டுக்குப் போயிருப்பார். வெயில் ஏறியதும் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) வாடையோடு திரும்பி, வாசலில் நின்றே "பசியாறிட்டீங்களா கண்ணு?" என்பார். குளித்துவிட்டு வந்து மங்குக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, சூடாக ஒருத்தர் கையில் ஒருத்தர் வைத்து அலறுவோம். தோட்டத் தொழிலாளர்களுக்கான அந்த லயத்து வரிசை வீட்டில் நான் இருந்ததுபோல் வேறெங்கும் நிம்மதியாக இருந்ததில்லை.

போன தீபாவளிக்கு முன் பாட்டி தவறிவிட்டார். காரியம் முடிந்ததும் தோட்டத்துப் பக்கம் போனேன். லயம் இல்லை, எல்லாம் செம்பனை எண்ணெய் மரம். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. இப்போது ஒட்டுப்பால் ஏற்றிய லாரி கடந்து போனால்கூட அழுகை வந்துவிடுகிறது.

அம்மாவுக்கு 66 வயது, வீட்டில் மூத்த பெண். அவரிடம் இதைச் சொன்னால், "அந்த லயத்துல என்ன இருக்குன்னு அழுவுற? இருட்டுல எழுந்து பெரட்டுக்கு ஓடினவளுக்குத்தான் தெரியும்" என்று எரிந்து விழுகிறார் (பெரட்டு என்றால் வேலைக்கு முன் தோட்டத்தில் எடுக்கும் ஆள் கணக்கு). பெற்ற தாயின் வீட்டை எப்படி இவ்வளவு வெறுக்க முடியும்? இப்போது போனில்கூடச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

இப்படிக்கு,
ஒரு பேத்தி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த லாரி. வாடை பட்டதும் அழுகை வருவதில் பயப்பட ஒன்றுமில்லை. மூக்கிலிருந்து போகும் சேதி, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. நீங்கள் யோசிப்பதற்குள் பாட்டி வந்து நின்றுவிடுகிறார். அழுங்கள். பாட்டி போனது ஓர் இழப்பு, வீடும் இல்லாமல் போனது இன்னோர் இழப்பு. வீட்டுக்காக யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை, அதனால் அந்தத் துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

இப்போது அம்மா. நீங்கள் எழுதியதில் அவர் பாட்டியை வெறுத்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவர் சொன்னது பெரட்டைப் பற்றி, இருட்டில் எழுந்ததைப் பற்றி. நீங்கள் விடுமுறைக்குப் போன வீட்டில் அவர் வளர்ந்தார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியும் முன்னே வெட்டுக்குப் போயாக வேண்டும். பாட்டி இருட்டில் கிளம்பிவிட்ட வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது யார்? பெரும்பாலான லயங்களில் மூத்த பெண்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் பலர் அப்படித்தான் வீதிக்கு வந்தார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். பிறகு 1969. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்று வந்தது. எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போயின. அப்போது உங்கள் அம்மாவுக்குப் பத்து வயது இருக்கும். பாட்டி கையில் எந்தக் கார்டு இருந்தது என்று அவரிடம் என்றாவது கேட்டிருக்கிறீர்களா? பக்கத்து வீடுகள் காலியானதைப் பார்த்த பிள்ளைக்கு அந்த லயம் நிம்மதியான இடமாக இருந்திருக்குமா?

நீங்கள் அங்கே அனுபவித்த நிம்மதி பொய்யில்லை. பாட்டி உங்களுக்காக அதை உண்டாக்கினார். தன் மகளுக்குக் கொடுக்க நேரமில்லாமல் போனதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு என்ன இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "பாட்டி எங்களை எப்படியெல்லாம் பார்த்துக்கொண்டார்" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது வலிக்கலாம்.

அதனால் கொஞ்ச நாளைக்கு அம்மாவிடம் உங்கள் நினைவுகளைச் சொல்லாதீர்கள். அவருடையதைக் கேளுங்கள். "தோட்டம் எப்படி இருந்தது" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. காலையில் யார் அடுப்பு மூட்டுவார்கள், பள்ளிக்கு எதில் போவீர்கள், தீபாவளிக்குத் துணி யார் எடுத்தது என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அவர் பேசும்போது "ஆனால் பாட்டி பாவம்" என்று குறுக்கே போகாதீர்கள், இது முக்கியம். அவர் பேச மறுத்தால் விட்டுவிடுங்கள், சரியா? இனிப்பான நினைவுகளைப் பேச அந்த ரப்பர் கொட்டைக் கூட்டாளிகள் இருக்கிறார்களே, அவர்களைக் கூப்பிடுங்கள்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், ஆறு மாதத்துக்கு மேலாகியும் துக்கம் கடுமையாக நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அது ஒரு மனநலக் கோளாறு, அதற்கு உதவி தேவை. தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெடுகிறதென்றால் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கோயில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தோட்டம் போன பிறகும் திருவிழாவுக்கு மட்டும் பழைய குடும்பங்கள் திரும்பி வருகிற கோயில்கள் நம் நாட்டில் நிறைய உண்டு. அங்கே எப்போது திருவிழா என்று விசாரித்து, அம்மாவையும் ஒரு தடவை அழையுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். உங்களுக்குப் போக வேண்டும்போல் இருந்தால் நீங்கள் போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்