திசு அறிக்கை ஆயுளைச் சொல்லுமா?

மலக்குடல் புற்றுநோய் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நோய்க்குறியியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. மலக்குடல் புற்றுநோய்க்காக ஐந்து வாரக் கதிர்வீச்சும் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரையும் முடிந்து, சென்ற மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. பேத்தாலஜி ரிப்போர்ட்டில் ‘ஒய்பிடி3 என்1’, ‘சுற்று விளிம்பு 0.8 மி.மீ.’, ‘குடல் சுவருக்கு வெளியே சிரை ஊடுருவல் உண்டு’ என்று இருக்கிறது. இதை வைத்து அவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று கணக்கிட முடியுமா? அறுவை செய்த மருத்துவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு மகள், நாமக்கல்

பதில்: ஆண்டுக் கணக்காகச் சொல்ல முடியாது. ஆனால், நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலா குறைவா, திரும்பினால் இடுப்புக்குள்ளேயா அல்லது கல்லீரல், நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளிலா என்பதை ஊகிக்க, நீங்கள் எழுதியுள்ள மூன்று வரிகளும் உண்மையிலேயே உதவும்.

‘ஒய்பி’ என்ற முன்னொட்டு, முன்கூட்டியே சிகிச்சை பெற்ற திசுவைப் பார்த்துச் சொல்லப்பட்ட நிலை இது என்பதைக் குறிக்கிறது. ‘டி3’ என்றால் கட்டி குடலின் தசை அடுக்கைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் நுழைந்திருக்கிறது. ‘என்1’ என்றால் ஒன்று முதல் மூன்று நிணநீர்க் கணுக்களில் புற்றணு உள்ளது. சுவருக்குள் நிற்கிறதா, சுவரைத் தாண்டிவிட்டதா, கணுவுக்குப் போய்விட்டதா என்று பார்த்து நோயாளியின் போக்கைக் கணிக்கும் இந்த வழக்கத்தை 1932இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் வகுத்தார். அவர் அதை வகுத்ததே மலக்குடல் புற்றுநோயை வைத்துத்தான். பெருங்குடலின் மற்றப் பகுதிகளுக்கு அது பிற்பாடுதான் நீட்டிக்கப்பட்டது.

உங்கள் தந்தையின் அறிக்கையில் நான் முதலில் விரல் வைக்கும் இடம் அந்த 0.8 மி.மீ.தான். மலக்குடலைச் சுற்றி மீசோரெக்டம் எனப்படும் கொழுப்பு உறை இருக்கிறது. அறுவையில் குடலோடு இந்த உறையையும் கிழியாமல் சேர்த்து எடுக்கிறார்கள். எடுத்த பகுதி எங்கள் மேசைக்கு வந்ததும் அதன் வெளிப்பரப்பு முழுவதும் மை பூசி, ஃபார்மலினில் ஊறவைத்து, பிறகு குறுக்குவாக்கில் சில மி.மீ. தடிமனுள்ள வில்லைகளாக வெட்டுகிறோம். நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்த மைக்கோடுதான் அறுவை மருத்துவரின் கத்தி போன வழி. புற்றணுவின் கடைசி விளிம்பிலிருந்து மைக்கோடு வரை உள்ள தூரம் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் விளிம்பு பாதிக்கப்பட்டது என்றே கணக்கு.

இந்தத் தூரத்தின் முக்கியத்துவத்தை நிறுவியது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பில் குவர்க் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வு. மொத்தம் 52 நோயாளிகளே. அவர்களில் 14 பேருக்குப் பக்கவாட்டு விளிம்பில் புற்றணு இருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு இடுப்புக்குள் நோய் திரும்பியது. அதுவரை குடலின் மேல்முனையையும் கீழ்முனையையும் மட்டுமே விளிம்பாகக் கருதியவர்களின் பார்வை பக்கவாட்டுக்குத் திரும்பியது. பேசிங்ஸ்டோக் நகரின் பில் ஹீல்ட் 1982இல் விளக்கிய முழு மீசோரெக்ட அறுவை முறை ஏன் பலன் தருகிறது என்பதற்கும் இதிலேயே விடை கிடைத்தது. இன்றைய கதிர்வீச்சும் அறுவை நேர்த்தியும் அன்று இல்லை; எனவே அந்த விகிதத்தை அப்படியே உங்கள் தந்தைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். விளிம்பு நெருக்கம் என்பது எச்சரிக்கை என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிரை ஊடுருவல் வேறு வகை எச்சரிக்கை. குடல் சுவருக்கு வெளியே உள்ள சிரைக்குள் புற்றணு நுழைந்திருந்தால், இரத்த ஓட்டத்தின் வழியாகக் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே தயக்கத்தை விட்டு, ‘எத்தனை ஆண்டு’ என்பதற்குப் பதிலாக, ‘விளிம்பு 1 மி.மீ.க்குள் இருப்பதைப் புற்றுநோய் மருத்துவர்களின் கூட்டுக் குழுவில் விவாதித்தீர்களா, மேற்கொண்டு கீமோ உண்டா, சிஇஏ என்ற புற்றுக் குறியீட்டுப் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் எவ்வளவு இடைவெளியில் எடுக்க வேண்டும்’ என்று கேளுங்கள். திரும்பும் நோய் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தலைகாட்டிவிடும் என்பதால், அந்தக் காலத்தில் ஒரு பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: அறுவைக்கு முன் எடுக்கும் பயாப்ஸியிலேயே இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முடியாது. பயாப்ஸியில் வருவது கட்டியின் மேற்பரப்பிலிருந்து கிள்ளியெடுத்த சில மி.மீ. அளவுத் துணுக்குகள். ஆழமோ விளிம்போ கணுவோ அதில் இல்லை. அவற்றை அறுவைக்கு முன்பே மதிப்பிடுவது எம்ஆர்ஐயின் வேலை. ஐரோப்பிய மையங்களில் நடந்த மெர்குரி ஆய்வில், எம்ஆர்ஐ படத்தில் விளிம்பு பாதிக்கப்படவில்லை என்று தெரிந்தவர்களில் 62 விழுக்காட்டினரும், பாதிக்கப்பட்டதாகத் தெரிந்தவர்களில் 42 விழுக்காட்டினரும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தார்கள்.

பயாப்ஸியில் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டிய தகவல் ஒன்று உண்டு. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் புற்றணுவில் இருக்கின்றனவா என்ற சோதனை அது. மலக்குடல் புற்றுநோயில் இந்தப் புரதக் குறைபாடு உள்ளவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்குச் சிகிச்சையின் பாதையே மாறிவிடுகிறது. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறைபாடுள்ள 12 நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டுமே கொடுத்ததில், 12 பேருக்குமே கட்டி தடமில்லாமல் மறைந்தது. கதிர்வீச்சோ அறுவையோ தேவைப்படவில்லை. குடும்பவழி வந்து புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்கூறைக் கண்டுபிடிக்கவும் இச்சோதனைதான் முதல் படி. ‘அதெல்லாம் பிறகு பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: என் அண்ணனின் அறிக்கையில் ‘டியூமர் பட்டிங் 12, அதிகம்’ என்று இருக்கிறது. ஸ்டேஜ் குறைவுதான் என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டையும் நம்பலாம். கட்டியின் முன்னேறும் விளிம்பில், கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாகவோ நான்கு அணுக்கள் வரை சேர்ந்தோ நிற்பவற்றை எண்ணுவதே பட்டிங். 2016இல் டோக்கியோவில் கூடிய நிபுணர்கள், அவை மிகுதியாகத் தெரியும் இடத்தில் 0.785 சதுர மி.மீ. பரப்பில் எண்ண வேண்டும் என்றும், 4 வரை குறைவு, 5 முதல் 9 வரை நடுத்தரம், 10 அல்லது அதற்கு மேல் அதிகம் என்றும் வரையறுத்தார்கள். இந்த அளவுகோல் முதன்மையாக வேலை செய்வது தொடக்க நிலைக் கட்டிகளிலும், கணுப் பாதிப்பில்லாத இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றிலும். உங்கள் அண்ணன் அறுவைக்கு முன் கதிர்வீச்சு பெற்றாரா என்று நீங்கள் எழுதவில்லை. பெற்றிருந்தால், சிதைந்து மீந்த அணுக்களும் தனித்தனியாகவே நிற்கும் என்பதால் 12 என்ற எண்ணுக்கு அதே எடை கிடையாது.

கேள்வி: திசு ஒட்டிய கண்ணாடித் தகட்டைக் கணினியே பார்த்து ஆயுளைக் கணிக்கிறது என்று படித்தேன். நம் நோயாளிகளுக்கு அது எப்போது கிடைக்கும்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: செய்தி உண்மை, தலைப்புகள்தான் கொஞ்சம் அவசரப்படுகின்றன. பாரிஸின் ஜெரோம் கலோன் குழு 2006இல், கட்டிக்குள்ளும் அதன் விளிம்பிலும் குவியும் டி வகை எதிர்ப்பணுக்களின் அடர்த்தி, நோயாளியின் போக்கை நன்றாகவே கணிக்கிறது என்று காட்டியது. இம்யூனோஸ்கோர் என்ற பெயரில் அதைப் பல நாடுகளில் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பன்னாட்டுச் சோதனை பெருங்குடல் புற்றில் நடந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு 2019இல், சாதாரணச் சாயமேற்றிய தகட்டிலிருந்தே கணினி திசு வகைகளைப் பிரித்தறிந்து உயிர்வாழ்வைக் கணிக்க முடியும் என்று காட்டியது.

மலக்குடலுக்கு வரும்போது ஒரு முடிச்சு விழுகிறது. கட்டியில் நார்த்திசு கூடினால் போக்கு மோசம் என்று பெருங்குடல் தகடுகளில் கற்ற கணினி, கதிர்வீச்சு பெற்ற மலக்குடலில் நார்த்திசு நிறைந்திருப்பதைக் கண்டால் என்ன சொல்லும்? இங்கே அந்த நார், புற்றணு செத்த இடத்தில் உண்டான தழும்பு. அதாவது நல்ல அறிகுறி. எனவே சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்ஸித் தகடுகளை வைத்துத் தனியாகவும், இந்திய நோயாளிகளின் தகடுகளில் மீண்டும் ஒருமுறையும் சோதித்த பிறகே இத்தகைய கருவியை நான் நம்புவேன்.

கேள்வி: கதிர்வீச்சுக்குப் பின் அறுவை செய்து எடுத்த குடலில் புற்றணு ஒன்றுமே இல்லை, சளிக்குட்டைகள் மட்டும் உள்ளன என்கிறது என் மனைவியின் அறிக்கை. எடுத்த கணுக்களும் 7தான். முழுக் குணம் என்று கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கட்டி இருந்த இடத்தில் சளி மட்டும் தேங்கி நிற்கும், அணுவே இல்லாத சளிக்குட்டையை எஞ்சிய நோயாகக் கணக்கிடுவதில்லை, ஆகவே உங்கள் மனைவியுடையது முழுத் திசுப் பதிலே, அதாவது சிகிச்சைக்குப் பின் திசுவில் புற்றணு எஞ்சாத நிலை. வழக்கமாக 12 கணுக்களாவது தேடி எடுக்க வேண்டும் என்பது விதி என்றாலும், கதிர்வீச்சில் கணுக்கள் சுருங்கிவிடுவதால் 7 என்பது அறுவையின் குறையைக் காட்டாது. 2010இல் பல ஆய்வுகளின் தரவைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய முழுப் பதில் கிடைத்தவர்களில் 83 விழுக்காட்டினரும், கிடைக்காதவர்களில் 66 விழுக்காட்டினரும் ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தார்கள். மீதமுள்ள 17 விழுக்காட்டை மனத்தில் வைத்து, மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதிகளில் சிஇஏ, சிடி, கொலோனோஸ்கோபி மூன்றையும் விடாமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.