ஐந்து கிழமைக் குழந்தைக்கு எந்தப் பேபி கரியர்?

கேள்வி: டொக்டர், இது எனக்கு முதற் பிள்ளை. பெண் குழந்தை, இப்போது ஐந்து கிழமை. வயிற்றுக்குள் தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருந்ததால் சிசேரியன் செய்துதான் எடுத்தார்கள். பிறந்தபோது 2.7 கிலோ, போன கிழமை நிறுத்தபோது 3.4 கிலோ. கணவர் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் மாமியும்தான். பின்னேரமானால் பிள்ளை கீழே கிடவாமல் அழுகிறாள். கனடாவில் இருக்கும் மச்சாள் தன் மகனுக்குப் பாவித்த, இடுப்பில் பெல்ட் பூட்டும் பேபி கரியர் ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறா. அதில் வைத்தால் கால் அகண்டு வளைந்துவிடும், முதுகு கூனிப்போகும், கைச்சூடு பழகிவிட்டால் பிறகு இறங்கமாட்டாள் என்று மாமி சொல்கிறா. பிள்ளை உள்ளே படுத்திருக்கக்கூடிய, தோளில் கொழுவும் பை போன்ற ஸ்லிங் ஒன்றை முகநூலில் பார்த்தேன். அதை வாங்கலாமா? கிளினிக்குக்குக் கணவரின் மோட்டார் சைக்கிளில் போகும்போதும் கட்டிக்கொண்டு போகலாமா? (கோப்பாயிலிருந்து ஒரு தாய்)

பதில்: அன்புத் தங்கச்சி, அந்தப் பை ஸ்லிங்கை வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஓடர் கொடுத்திருந்தால் அதில் பிள்ளையை வைக்க வேண்டாம். காசு போனால் போகட்டும்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறந்த பிள்ளைக்கு உடம்போடு பார்க்கையில் தலை பெரிது, பாரமானது. அந்தப் பாரத்தைத் தாங்கக் கழுத்துத் தசைகளுக்கு இன்னும் பலம் வரவில்லை. ஆழமான பைக்குள் பிள்ளையைக் கிடத்தினால் உடம்பு வளைந்து, தலை முன்னே விழுந்து, நாடி நெஞ்சில் முட்டும். பச்சைக் குழந்தையின் மூச்சுப்பாதை மிக ஒடுக்கமானது, மென்மையானது. கழுத்து மடிந்தால் அதுவும் மடியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பையின் ஓரம் உயர்ந்து நிற்க, பிள்ளையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பி மூக்கு அழுந்திவிடலாம். இந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், தலையைத் தானே விலக்கிக்கொள்ளவும் தெரியாது. மூச்சு அடைபட்ட குழந்தை அழாது. அழுவதற்கும் காற்று வேண்டுமே. ஆகவே தாய் பிள்ளை ஆறுதலாக நித்திரை கொள்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அமெரிக்காவின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 2010 மார்ச்சில் இத்தகைய ஸ்லிங்குகளைப் பற்றி எச்சரித்தபோது, அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் 14 குழந்தைகள் இவற்றோடு தொடர்பாக இறந்திருந்ததாகச் சொன்னது. அவர்களில் 12 பேர் நான்கு மாதம் நிரம்பாதவர்கள். உங்கள் பிள்ளை இருக்கும் அதே வயது.

இதனால் துணியில் கட்டித் தூக்குவதே பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியாகக் கட்டினால் இதைவிடப் பிள்ளைக்கு இதமான இடம் வேறில்லை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற வைத்தியர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி வைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று நாங்கள் சொல்வது அதைத்தான். குறைமாதத்திலும் குறைந்த நிறையிலும் பிறந்தவர்களை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் முதல் 24 மணித்தியாலம் வரை அப்படி வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கிறது. அங்கேயும் பிள்ளை நிமிர்ந்துதான் இருக்கும், தவளைபோலக் கால் மடித்து, கழுத்துச் சற்று நிமிர்ந்து, முகம் ஒருபக்கம் திரும்பி.

எந்தப் பொருளை வாங்கினாலும் அதைச் சோதிக்க ஒரே வழிதான். வெறும் கைகளால் பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்துப் பாருங்கள். ஒரு கை பிட்டத்தின் கீழ், மறு கை முதுகிலும் பிடரியிலும். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறாளோ, எப்படி இருக்கிறாளோ, துணியும் அவளை அப்படியே பிடிக்க வேணும். குனியாமலே உச்சியில் கொஞ்சக்கூடிய உயரத்தில் தலை இருக்க வேணும். துணியை விலக்கிப் பார்க்காமலே முகம் தெரிய வேணும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் உங்கள் இரண்டு விரல் போக இடம் வேணும். முதுகில் கை வைத்து மெதுவாக அழுத்தினால் பிள்ளை உங்களை நோக்கி அசையக்கூடாது. அசைந்தால் கட்டுத் தளர்ந்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பிள்ளை உள்ளே சரிந்து குவிந்துவிடும். இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும் என்று தாய்மார் பயப்படுவார்கள். உண்மையில் ஆபத்து அதிகம் வருவது தளர்வாகக் கட்டுவதால்தான்.

இனி மாமியின் பயம். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம், ஒரு பாதி சரியான கவலைதான். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். தொடை எலும்பின் உருண்டைத் தலை அதற்குள் நன்றாகப் பொருந்தி இருந்தால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். பிள்ளையை மல்லாக்கக் கிடத்திப் பாருங்கள், தானாகவே முழங்காலை மடித்துக் கால்களை அகட்டி வைத்திருப்பாள். மூட்டுக்கு நல்ல இருப்பு அதுதான். கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கம் இருந்த நாடுகளில் இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள். ஜப்பானில் 1970களில் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் செய்த பிறகு அந்நோய் வெகுவாகக் குறைந்தது. ஆகவே மாமியிடம் சொல்லுங்கள், கால் அகண்டு இருப்பதால் வளையாது. கவட்டில் மட்டும் ஒரு ஒடுங்கிய துண்டுத் துணி தாங்க, இரண்டு காலும் கீழே தொங்குகிற கரியர்தான் கூடாது. துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை தொடையைத் தாங்க வேணும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேணும். பாதங்கள் துணிக்குள் மடிந்து நசுங்காமல் வெளியே இருப்பது நல்லது. முதுகைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்த வயதில் முள்ளந்தண்டு இயல்பாகவே மெல்ல வளைந்துதான் இருக்கும். அதைத் தாங்கினால் போதும், நிமிர்த்த முயலக் கூடாது. வெளிப்பக்கம் பார்க்க வைத்துக் கட்டுவது, தலை வடிவாக நிற்கும் ஐந்தாறு மாதம் வரை வேண்டவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றும் என் கண்ணில் பட்டது. பிட்டம் கீழாக இருந்த பிள்ளை, பெண் பிள்ளை, முதற் பிள்ளை. இடுப்பு மூட்டு விலகல் கூடுதலாகக் காணப்படுவது இப்படியானவர்களில்தான். உங்கள் வீட்டிலோ கணவர் வீட்டிலோ சிறுவயதில் இடுப்புக்கு வைத்தியம் பார்த்தவர்கள் உண்டா என்றும் விசாரியுங்கள். பிறந்தவுடன் வைத்தியர் கால்களை விரித்து அசைத்துப் பார்த்திருப்பார். அதில் எல்லாம் சரியாக இருந்தாலும், ஆறு கிழமையளவில் இடுப்புக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுப்பது பற்றிக் குழந்தை வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள். இந்த வயதில் எக்ஸ்ரேயில் மூட்டு வடிவாகத் தெரியாது, ஸ்கான்தான் வேணும். விலகல் இருந்து இப்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரு பட்டியைப் பூட்டியே சரிப்படுத்திவிடலாம். நடக்கத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் பெரும்பாலும் சத்திர சிகிச்சை வரை போகும்.

மச்சாளின் கரியருக்கு வருவோம். அதன் உட்பக்கத்தில் தைத்திருக்கும் லேபலைப் பாருங்கள். குறைந்த நிறை இத்தனை இறாத்தல் என்று இருக்கும். ஏழு இறாத்தல் என்றால் 3.2 கிலோ, எட்டு என்றால் 3.6 கிலோ. எட்டு என்று இருந்தால் உங்கள் பிள்ளை இன்னும் அதற்குத் தயாரில்லை. ஏழு என்று இருந்தாலும் அடிப்பாகத்தை ஒடுக்க வசதி உண்டா என்று பாருங்கள். பெரிய பிள்ளைக்கான அகலத்தில் இவளை வைத்தால் கால்கள் அளவுக்கு மீறி விரியும், உடம்பும் உள்ளே அமிழ்ந்து முகம் மறையும். பக்கிள் ஒவ்வொன்றையும் பூட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். பட்டி தைத்த இடங்களில் நூல் விட்டிருந்தால் மச்சாள் மனம் நோகும் என்று பாராமல் ஒதுக்கி வையுங்கள். இன்னொன்று, அந்த இடுப்புப் பெல்ட் உங்கள் வெட்டுக் காயத்துக்கு மேலேதான் வந்து இறுகும். ஐந்து கிழமையில் அது வேண்டாம். ஆறு கிழமைப் பரிசோதனை முடியட்டும். அதன் பிறகும் பெல்ட்டைத் தொப்புளுக்கு மேலே உயர்த்திப் பூட்டுங்கள். நொந்தால் கழற்றிவிடுங்கள்.

இப்போதைக்கு எதைப் பாவிப்பது என்றால், என் தெரிவு ஒற்றைப் படையாக வரும் பருத்தித் துணிதான். துணியின் ஒரு நுனியில் இரண்டு வளையம் தைத்து, மறு நுனியை அவற்றுக்குள்ளால் இழுத்து இறுக்கும் ஸ்லிங் கிடைத்தால் நல்லது, அதில் பிள்ளையை நிமிர்த்தி வைக்கலாம். வளையங்கள் ஒட்டுத் தெரியாத கனமான உலோகமாக இருக்க வேணும், பிளாஸ்டிக் வேண்டாம். பாரம் ஒரு தோளில் விழும் என்பதால் தோளை மாற்றி மாற்றிப் போடுங்கள். இழுபடும் துணியில் வரும் நீளமான சுற்றுக்கட்டு பச்சைக் குழந்தையை அருமையாக அணைத்துப் பிடிக்கும். ஆனால் பிள்ளைக்கு மேல் மூன்று படை துணி வரும். குளிர் நாட்டுக்கு அது சரி, எங்கள் ஊருக்கு மார்கழி, தை மாதங்களில் மட்டும்தான் தாங்கும். கடையில் எதுவும் சரிவராவிட்டால், துவைத்துத் துவைத்து மெதுமையான நூல் சேலை போதும். நைலெக்ஸ், பொலியெஸ்டர் வழுக்கும், அவை வேண்டாம். சரிகைக் கரை பிள்ளையின் கன்னத்தை உரசும். சேலையில் கட்டுவதென்றால் தெரிந்த ஒருவர் கட்டிக் காட்டப் பார்த்துப் பழகுங்கள். முதலில் மூன்று கிலோ அரிசியைப் பையில் போட்டுக் கட்டிப் பாருங்கள், பிறகு கட்டில் ஓரத்தில் நின்று, மாமி பக்கத்தில் கை கொடுக்கப் பிள்ளையை வையுங்கள். கட்டுமுன் தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அதில் கொழுவியிருக்கும் ஊசிகளைக் கழற்றி வையுங்கள். பிள்ளையின் கன்னம் படும் இடம் அதுதான்.

எங்கள் வெக்கையை மறந்துவிடக் கூடாது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். சோளகம் வீசத் தொடங்கும் வரை வீட்டுக்குள்ளும் அவியும். கட்டிய துணியும் பிள்ளைக்கு ஓர் உடுப்புத்தான், ஆகவே உள்ளே மெல்லிய சட்டையும் நப்கினும் போதும். தொப்பியும் காலுறையும் வேண்டாம். பிடரியில் அடிக்கடி கை வைத்துப் பாருங்கள். சுட்டு வேர்த்திருந்தால் உடனே அவிழ்த்துக் காற்றுப்படக் கிடத்திப் பால் கொடுங்கள். வெயில் படுகிறதென்று முந்தானையால் முகத்தை மூடாதீர்கள், குடை பிடியுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோ மூக்கடைப்போ இருக்கும் நாளில் கட்டாமல் இருப்பதே நல்லது.

அடுப்படியிலும் கிணற்றடியிலும் வேண்டாம். கொதிக்கும் உலை, தாளிக்கும் எண்ணெய், கையில் சுடுதேநீர், இவற்றோடு பிள்ளை நெஞ்சில் இருக்கக் கூடாது. கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காமல், ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடி முழங்காலை மடித்துக் குந்துங்கள். துணிக்குள் வைத்தபடியே பால் கொடுத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பதும் இந்த வயதில் கூடாது. அவிழ்த்து, இருந்து, முகம் பார்த்துக் கொடுங்கள்.

கைச்சூடு பழகிவிடும் என்பதைப் பற்றி மாமி நிம்மதியாக இருக்கலாம். ஐந்து கிழமைக் குழந்தைக்குப் பிடிவாதம் தெரியாது. பின்னேர அழுகை ஆறாவது கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே தணியும். கனடாவின் மொன்றியல் நகரில் 1986இல் செய்த ஓர் ஆய்வில், அழாத நேரங்களிலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது கிழமையில் மற்றவர்களைவிட 43 வீதம் குறைவாக அழுதார்கள். எல்லாக் குழந்தைக்கும் அப்படி அமையும் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே மிக அதிகமாக அழும் குழந்தைகளில் பிறகு செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் தூக்குவதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை. அழத் தொடங்கிய பிறகு கட்டுவதைவிட, பால் குடித்து ஏவறை விட்டுச் சந்தோஷமாக இருக்கும் பின்னேரம் நான்கு மணிக்கே கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்து பாருங்கள். கணவரும் பழகட்டும். நித்திரையானதும் அவிழ்த்துச் சமமான, இறுக்கமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். கட்டிக்கொண்டு நீங்கள் கதிரையிலோ கட்டிலிலோ சாய்ந்து கண்ணயரக் கூடாது. இராத்திரி நித்திரையில்லாத தாய்க்குக் கண் தானாகச் சொருகும், ஆகவே இதை மாமிக்கும் சொல்லி வையுங்கள்.

மோட்டார் சைக்கிள் வேண்டாம். எந்தக் கரியரும் விபத்தில் பிள்ளையைக் காக்காது. மோதினால் உங்கள் உடம்பே அவள் மேல் விழும், ஓடும் வண்டியில் காற்றும் துணியும் முகத்தை மூடுவதை உங்களால் பார்க்கவும் முடியாது. எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கும் ஒரே வாகனம் அதுதான் என்று தெரிந்தும் சொல்கிறேன். கிளினிக் நடை தூரம் என்றால் விடிய வெயிலேறுமுன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடந்து போங்கள், இல்லையென்றால் அன்றைக்கு ஓர் ஓட்டோ பிடியுங்கள். ஓட்டோவிலும் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால், சில தேவைகளை வீட்டிலேயே முடித்தும் தருவா.

கட்டியிருக்கும்போது பிள்ளை முனகி மூச்சு விட்டாலோ, மூக்குத் துவாரம் விரிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடம்பு துவண்டாலோ உடனே துணியிலிருந்து எடுத்துச் சமமாகக் கிடத்துங்கள். ஒரு நிமிடத்தில் நிறமும் மூச்சும் வழமைக்கு வந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேணும். வராவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

ஆறு கிழமைப் பரிசோதனைக்குப் போகும்போது மச்சாளின் கரியரையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே பிள்ளையை வைத்துக் காட்டுங்கள். இரண்டாம் மாதத் தடுப்பூசி தொடையில் போடுவார்கள். அன்றைக்கும் மறுநாளும் அந்தத் தொடையில் துணி அழுந்தாமல் கையிலேயே தூக்கி வைத்திருங்கள்.