உங்களுக்குப் பிடித்த பெரிய முழு எண் எது, ஏன்?

எனக்கு 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பார்க்க ஏதோ கண்டபடி தட்டிய எண் மாதிரி இருக்கும், ஆனால் 2³² + 1 தான் அது.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவது நம்ம ஆள். இதுவும் இதற்கு மேல் வருபவையும் பகா எண்களாகவே இருக்கும் என்று அவர் நம்பினார், நிரூபணம் மட்டும் இல்லை. 1732இல் கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

641 வரை 116 பகா எண்கள் இருக்கின்றன, அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமே என்று தோன்றும். தேவையில்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64k + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் காட்டினார், அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641, ஐந்தே ஐந்து வகுத்தல்கள்! பின்னாளில் லூக்கா என்ற கணிதவியலாளர் அதை 128k + 1 என்று இறுக்கினார்; அதில் 641க்கு முன்னால் வரும் பகா எண் 257 மட்டும்தான், அதுவும் இதே வரிசையைச் சேர்ந்தது, இந்த வரிசையில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் அதையும் தள்ளிவிடலாம்.

வகுக்காமலேயே காட்டவும் வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 641 = 5 × 2⁷ + 1, எனவே 641ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸ என்பது 1க்குச் சமம். ஆனால் 641 = 625 + 16 என்பதால் 625க்குப் பதிலாக −16 போடலாம். −16 × 2²⁸ என்பது −2³², அது 1க்குச் சமம் என்றால் 2³² + 1 மீதியில்லாமல் வகுபட்டே ஆக வேண்டும். முடிந்தது.

இன்னொரு வழி: 4k + 1 வடிவப் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். இதுவோ 65536² + 1², 62264² + 20449² என்று இரண்டு விதமாக வருகிறது. மாட்டிக்கொண்டது. (20449 என்பதே 143² என்பது கூடுதல் குறும்பு.)

வேடிக்கை என்னவென்றால், ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்தை (p பகா எண் என்றால், pஆல் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 அடுக்குக்கு உயர்த்தி pஆல் வகுத்தால் மீதி 1) வைத்து, உயர்த்தும் எண்ணாக, அதாவது அடிமானமாக, 2ஐ எடுத்துச் சோதித்தால் இது பகா எண் போலவே தேறிவிடும். 3ஐ வைத்துச் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

இரண்டு படி கீழே இருக்கும் 4294967295ஐயும் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் (அவருடைய வரிசையில் வரும் பகா எண்கள்) ஐந்தின் பெருக்கல். அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கொள்கையளவில் அளவுகோலும் கவராயமும் வைத்தே வரைந்துவிடலாம், 4294967297 பக்கங்கள் என்றால், அதன் காரணிகள் ஃபெர்மா பகா எண்கள் இல்லை என்பதால், முடியாது.