மறுசேர்க்கை மனித சவ்வுப் புரதம் நீர்க்கச் செய்ததும் ஏன் கலங்குகிறது?

மரபணுவை வேறு செல்லில் புகுத்தித் தயாரித்த (மறுசேர்க்கை) சவ்வுப் புரதம் குழாயில் தெளிவாக இருந்தது, வெறும் தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) 20 மடங்கு நீர்க்கச் செய்ததும் கலங்கிவிட்டது என்கிறீர்கள். புரதம் கெட்டு வந்திருக்கும் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அதனுடன் இருந்த டிடெர்ஜென்ட் (சோப்புப் போன்ற பொருள்) குறைந்துபோனதுதான் காரணம்.

சவ்வுப் புரதத்தில் கொழுப்புப் படலத்துக்குள் புதைந்திருக்கும் பகுதிக்கு நீர் ஆகாது. அக்வாபோரின்-1 என்ற நீர்வழிப் புரதத்தின் சங்கிலி சவ்வை 6 முறை ஊடுருவுகிறது. அத்தனை பரப்பையும் ஏதாவது ஒன்று மூடியிருக்க வேண்டும். பிரித்தெடுக்கும்போது கொழுப்பின் இடத்தை டிடெர்ஜென்ட் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன. அது டிடிஎம் (DDM) என்ற வகை டிடெர்ஜென்ட் என்றால், செறிவு சுமார் 0.009 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மைசெல்கள், அதாவது டிடெர்ஜென்ட் மூலக்கூறுகள் திரண்ட நுண் உருண்டைகள், கலையத் தொடங்கும். போர்வை இழந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீழ்படிவாகிவிடும். கலங்கியதை மீட்பது கடினம். அதனால் நீர்க்கப் பயன்படுத்தும் கரைசலிலும் அதே டிடெர்ஜென்டை அந்த வரம்புச் செறிவைப் போல் இரண்டு மூன்று மடங்காகவே வையுங்கள்.

உயிருள்ள செல்கள் மீது சோதிப்பதாக இருந்தால் இது உதவாது, டிடெர்ஜென்ட் அவற்றின் சவ்வையே கரைத்துவிடும். அங்கே நானோடிஸ்க்கில் (கொழுப்புப் படலத்தின் நுண்ணிய வட்டத் துண்டு) பொதிந்த புரதமே நல்லது. எந்தச் சோதனையானாலும், புரதம் இல்லாத அதே கரைசலையும் தவறாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். மீதியைச் சிறு பங்குகளாக்கி மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்; திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினாலும் இதே கலங்கல் வரும்.