சொமெலியர் பரீட்சை – கடிதம்

வணக்கம் அண்ணா,

கொழும்பில் ஒரு ஹோட்டலில் வெயிட்டராக இருக்கிறேன். சொமெலியர், அதாவது வைன் தெரிந்து பரிமாறும் நிபுணர் ஆக, கோர்ட் ஒஃப் மாஸ்டர் சொமெலியர்ஸ் என்ற அமைப்பு நடத்தும் இரண்டாம் நிலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். தியரி எல்லாம் மனப்பாடம். ஆனால் வைனில் கூஸ்பெரி வாசம், பிளாக்கரண்ட் வாசம் என்கிறார்கள். இரண்டையும் நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. வீட்டில் யாரும் குடிப்பதில்லை, அம்மாவிடம் இன்னும் சொல்லவும் இல்லை. எனக்கு இது சரிவருமா?

– ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

சரிவரும். 1855 இல் பிரான்சின் போர்தோ வைன் தோட்டங்களைத் தரம் பிரித்த பட்டியலை நீங்கள் தூக்கத்திலும் ஒப்பிப்பீர்கள். உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு அது ஒரு வேலையா? ஆனால் இந்தப் பரீட்சையில் தியரி, சுவைத்தறிதல், பரிமாறுதல் என்று மூன்று உண்டு. மூன்றிலும் தனித்தனியே தேற வேண்டும்.

முதலில் மூக்கு. கூஸ்பெரியை விடுங்கள் (அது நம்முடைய நெல்லி இல்லை, கடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள்). நியூசிலாந்தின் சோவிஞோன் பிளாங் என்ற வெள்ளை வைனில் பாஷன் புரூட் மணக்கும். அந்தப் பழத்தில் இருக்கும் அதே தயோல்கள் என்ற வாசப் பொருட்கள்தான் வைனிலும். சிரா என்ற சிவப்பு வைனில் மிளகு மணக்கிறது என்பதும் உவமை இல்லை. மிளகுக்கு அந்தக் காரமான வாசத்தைத் தரும் ரொட்டண்டோன் என்ற பொருள் சிரா திராட்சைத் தோலிலேயே இருக்கிறது. ஓக் பீப்பாயில் கிடந்த வைனில் வரும் கராம்பு வாசம் யூஜினோல் என்ற பொருளால், கராம்பிலும் அதுதான். லண்டன் பையனுக்குக் கராம்பு கிறிஸ்மஸ் வாசம், உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறி. புறக்கோட்டையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், பாதிப் பாடம் முடிந்தது.

எனக்குக் கவலை பரிமாறுதலில்தான். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் ஒரு காலத்தில் விருந்து மண்டபத்தில் நின்றவன். ஒரு கலியாணத்தில் ஷாம்பெயின் போத்தலை வெறும் ஐஸ் கட்டிகளின் மேல் சாத்தி வைத்தேன், குளிரவே இல்லை. கம்பிக்கூட்டைக் கழற்றிவிட்டு ஒரு நொடி கையை எடுத்தேன். தக்கை சீலிங்கில், நுரை மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியில். உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கும், சூட்டுக்கு அது இன்னும் கூடும். ஆகவே வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி. கம்பியை ஆறு அரைச்சுற்றில் தளர்த்தத் தொடங்கியதும் கட்டைவிரல் தக்கையை விட்டு எழவே கூடாது. அப்புறம் போத்தலைச் சரித்து, தக்கையைப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள். 'ஸ்ஸ்' என்று வந்தால் சரி. 'டப்' என்றால் கலியாண வீடு.

போயா தினத்தில் பார் மூடியிருக்கும்தானே? 750 மில்லி வெற்றுப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஆறு கிளாசில் ஒரே மட்டத்துக்கு ஊற்றிப் பழகுங்கள். விருந்தழைத்தவருக்குக் கடைசியில்.

குடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம். சுவைப்பவர்கள் வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள், அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அம்மாவிடம் கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய்ப் போத்தல்களை ஒவ்வொன்றாக நீட்டச் சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு பெயர் சொல்லிப் பாருங்கள். எதற்கு என்று கேட்பார். அப்போது சொல்லிவிடுங்கள்.