பென்டிரைவில் பைதன்

கேள்வி: உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். விண்டோஸ் கணினிகளுக்காக பைதன் நிரல்மொழி, அதற்கான இரண்டு மூன்று நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்), என் பயிற்சிக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, ஒருமுறை அழுத்தினால் ஏறிவிடும் இன்ஸ்டோலர் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். இப்போது வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பாவித்த மக் மடிக்கணினிகள் ஆறு அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்கும் அதேபோல ஒன்று வேண்டும். எங்கே தொடங்குவது? வகுப்பில் இணையம் என்றால் என் ஃபோன் டேட்டா மட்டும்தான்.
– ஓர் ஆசிரியை, மூதூர்

பதில்: டீச்சர், இன்ஸ்டோலரை யோசிக்க முதல் ஆறு கணினியையும் மேசையில் வரிசையாக வையுங்கள். மேலே இடது மூலையில் உள்ள அப்பிள் சின்னத்தை அழுத்தினால் முதல் வரியிலேயே 'அபவுட் திஸ் மக்' வரும். அதில் காட்டும் சிப்பையும் மக் ஓஎஸ் பதிப்பையும் ஒரு துண்டில் எழுதி அந்தந்தக் கணினியின் அடியில் ஒட்டுங்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் பக்கத்துப் பக்கம்தான், சூடு மட்டும் கிணற்றுக்குக் கிணறு வேறு. அன்பளிப்பாக வரும் கணினிகளும் அப்படித்தான். சிலது இன்டெல் சிப்போடு இருக்கும். 2020 நவம்பருக்குப் பிறகு வந்ததென்றால் பெரும்பாலும் எம்1 அல்லது அதற்கு அடுத்தது.

பைதன் தளத்தில் கிடைக்கும் மக் இன்ஸ்டோலர் இரண்டு சிப்புக்கும் ஒரே ஃபைல்தான். நம்பை போன்ற நூலகங்கள் அப்படி இல்லை, சிப்புக்கொரு ஃபைல் இருக்கும். எந்தச் சிப், எந்தப் பைதன் பதிப்பு என்று சொல்லிக் கேட்டால், பைதனோடு வரும் நூலகம் ஏற்றும் கருவியான பிப் அவற்றை உங்கள் விண்டோஸ் கணினியிலேயே இறக்கித் தரும். ஒருநாள் டேட்டா செலவழித்து இரண்டு சிப்புக்குமானதை ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தால் போதும். ஏற்றும்போது தனக்குரியதைப் பிப்பே பொறுக்கிக்கொள்ளும், இணையத்தைத் தேடாதே என்று மட்டும் சொல்லிவிட வேண்டும்.

இனி, விண்டோஸில் இல்லாத தலையிடி ஒன்று. விண்டோஸில் பைதன் கிடையாது, நீங்கள் போடுவதுதான் பைதன். மக் அப்படியில்லை. மக் ஓஎஸ் 12.3க்கு முந்திய கணினிகளில் அப்பிளே போட்ட பழைய பைதன் 2.7 கிடக்கும். 2022இல் வந்த 12.3இல்தான் அதை எடுத்தார்கள். பழையது என்று அதை அழிக்கப் போகாதீர்கள், அது கணினியின் சொந்தப் பாவனைக்கு வைத்தது. புதிய கணினிகளில் வேறு கூத்து: டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் பைதன்3 என்று அடித்தவுடன், "டெவலப்பர் கருவிகளை இறக்கட்டுமா?" என்று ஒரு பெட்டி கேட்கும். பிள்ளைகளில் ஒருவர் 'ஆம்' என்று அழுத்தினால் உங்கள் ஃபோன் டேட்டா அன்றைக்கே முடிந்தது.

ஆகவே உங்கள் இன்ஸ்டோலர் எந்த இடத்திலும் வெறுமனே 'பைதன்3' என்று கூப்பிடக் கூடாது. தளத்து இன்ஸ்டோலர் பைதனை 'லைப்ரரி' ஃபோல்டருக்குள் 'ஃப்ரேம்வர்க்ஸ்' என்ற இடத்தில் வைக்கும். அந்த முழு முகவரியையும் எழுதிக் கூப்பிடுங்கள். ரூபி மொழியை விண்டோஸுக்குக் கொண்டு வந்தவர்கள் 'ஒன்-கிளிக் இன்ஸ்டாலர்' என்ற பெயரிலேயே ஒன்றைக் கொடுத்தார்கள். மொழி, எடிட்டர், உதவிப் பக்கங்கள் எல்லாம் ஒரே பொதியில். வெறும் தரையில் கட்டிய வீடு அது. மக்கிலோ ரூபியும் முன்பே இருந்தது. ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை எடுத்துக் கட்டும் வேலை இது. நக்கல் இல்லை, உண்மையாகவே வேறு வேலை.

பைதனை நீங்களே கொம்பைல் செய்ய நினைக்க வேண்டாம். மென்பொருள்களை இறக்கி ஏற்றித் தரும் ஹோம்ப்ரூவும் வேண்டாம், அதற்கும் இணையமும் அதே டெவலப்பர் கருவிகளும் தேவை. தளத்து இன்ஸ்டோலரை அப்படியே எடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: பைதனோடு வரும் ஐடில் எடிட்டர், ஆமை வரைகலை இரண்டும், திரையில் யன்னல் வரையும் டிகே என்ற பகுதியை நம்பியிருக்கின்றன. அப்பிளோடு வரும் டிகே மிகப் பழையது, சில கணினிகளில் யன்னல் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். தளத்து இன்ஸ்டோலர் தன்னுடைய டிகேயைக் கையோடு கொண்டு வருகிறது.

பென்டிரைவில் வைக்க வேண்டியவை: அந்த இன்ஸ்டோலர், நூலக ஃபோல்டர், உங்கள் பயிற்சிகள், இவற்றை வரிசையாக ஏற்றும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று. ஸ்கிரிப்டின் பெயர் 'கமாண்ட்' என்ற ஒட்டோடு முடிந்தால் மக்கில் இரட்டைச் சொடுக்கில் ஓடும். ஒருதரம் பாஸ்வேர்ட் கேட்கும், அவ்வளவுதான். அதை மக்கிலேயே எழுதுங்கள். விண்டோஸ் நோட்பேடில் எழுதினால் வரி முடிவுக் குறி மாறி, கண்ணுக்குத் தெரியாத எழுத்தொன்றால் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். நான் இதற்கு ஒரு முழு இரவு கொடுத்திருக்கிறேன்.

இணையத்தளங்களைச் சரிபார்க்கும் சான்றிதழ் விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மக்கில் பைதன் ஏறிய பிறகு 'இன்ஸ்டால் சர்ட்டிஃபிகேட்ஸ்' என்ற ஃபைலையும் ஒருமுறை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை எழுதும் நிரல் இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது சான்றிதழ் பிழை என்று நிற்கும். அந்த ஃபைலும் இணையத்தில் ஒரு பொதியைத் தேடும். செர்டிஃபை என்ற அந்தப் பொதியையும் முன்கூட்டியே இறக்கி நூலக ஃபோல்டரில் போட்டு, ஸ்கிரிப்டே அதை ஏற்றி உரிய இடத்தில் இணைக்கும்படி செய்துவிடுங்கள்.

மக் மறிக்காமல் இருக்க இன்ஸ்டோலருக்கு அப்பிளிடம் டிஜிட்டல் கையொப்பம் வாங்க வேண்டுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வருடத்துக்கு 99 டொலர். ஆறு கணினிக்கு அது அநியாயம். மக்கில் எழுதி பென்டிரைவில் கொண்டுபோகும் ஸ்கிரிப்டை மக் பொதுவாக மறிக்காது. பிரவுசரில் இறக்கினதையும் ஏர்டிராப்பில் வந்ததையும்தான் சந்தேகமாகப் பார்க்கும். 2024இல் வந்த செக்கோயா என்ற மக் ஓஎஸ் பதிப்பில், மறித்ததைத் திறக்கும் வலது சொடுக்குக் குறுக்குவழியையும் எடுத்துவிட்டார்கள், செட்டிங்ஸுக்குள் போய்த்தான் அனுமதிக்க வேண்டும். ஆகவே வட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென்டிரைவிலேயே கொடுங்கள்.

பரிசோதனையை மட்டும் உங்கள் சொந்தக் கணினியில் செய்யாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஒரு ரியூசன் நிலையத்துக்கு விண்டோஸ் பொதி ஒன்று செய்து கொடுத்தேன். வீட்டில் பூப்போல ஏறியது. அங்கே பன்னிரண்டு கணினியிலும் ஏதோ ஒரு டிஎல்எல் (துணை ஃபைல்) இல்லை என்ற அதே பெட்டி. என் கணினியில் வேறொரு மென்பொருள் அதை எப்போதோ கொண்டு வந்து வைத்திருந்தது, எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் உவர்மலைக்கு வந்து அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனால் பிள்ளைகள் வெளியில் கிரிக்கெட். ஆறில் ஒன்றை முழுதாகத் துடைத்து, வைஃபையை அணைத்து, வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிள்ளையிடம் பென்டிரைவைக் கொடுங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அந்தப் பிள்ளை எங்கே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ அங்கே இன்ஸ்டோலரில் ஓட்டை.

அகற்றுவதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள். விண்டோஸில் இருப்பது போல இப்படி ஏற்றியவற்றை நீக்கும் பட்டியல் மக்கில் இல்லை.

கேள்வி: மகனின் விண்டோஸ் மடிக்கணினியில் பைதன் போட்டோம். கறுப்புத் திரையில் 'பைதன்' என்று அடித்தால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. வைரஸா?
– ஒரு தகப்பன், தம்பலகாமம்

பதில்: வைரஸ் இல்லை. பைதன் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் விண்டோஸே ஸ்டோரைத் திறக்கிறது. இன்ஸ்டோலரின் முதல் திரையில் அடியில் 'பாத்தில் சேர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், தானாகச் சரி போட்டு வராது. அதை எல்லோரும் தாண்டிப் போவோம். இப்போதைக்கு 'பைதன்' என்பதற்குப் பதிலாக பி, வை என்ற இரண்டு எழுத்தை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், ஓடும். நிரந்தரமாகச் சரிசெய்ய அதே இன்ஸ்டோலரை மறுபடி ஓட்டி 'மொடிஃபை' போய், அடுத்தடுத்த திரையில் வரும் 'என்வைரன்மென்ட் வேரியபிள்ஸில் சேர்' என்ற கட்டத்தில் சரி போடுங்கள்.

கேள்வி: வீட்டில் கணினி இல்லை, அண்ட்ரொய்ட் ஃபோன்தான். பைதன் பழக முடியுமா?
– மாணவன், கிண்ணியா

பதில்: முடியும் தம்பி. பைட்ரொய்ட் 3 என்ற செயலியைப் போடும், ஒருதரம் இறக்கினால் பிறகு இணையம் இல்லாமலே நிரல் ஓடும். பைதனில் வரித் தொடக்க இடைவெளி பிசகினால் நிரலே பிழை, ஃபோன் திரையில் அதை அடிப்பதுதான் எரிச்சல். ஃபோனில் யூஎஸ்பி சாமான் கொழுவ உதவும் ஓடிஜி வயர் ஒன்று வாங்கி யூஎஸ்பி கீபோர்ட்டைக் கொழுவினால் அந்தப் பிரச்சினை தீரும். என் கடையில் பழைய கீபோர்ட் நாலைந்து சும்மா கிடக்கிறது. திருகோணமலை டவுனில் திரியும் மான் வந்து பெட்டியைச் சப்பிப்போட்டதுதான், கீபோர்ட் நல்லது. டவுன் பக்கம் வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு போம்.